டிஸ்ப்ளே வரலை, அண்ணாச்சி

2014 ஐப்பசியில் எனக்குத் தேவையே இல்லாத ஒரு மானிட்டரை வாங்கினேன்.

தூத்துக்குடியில் சின்னதாக ஒரு டிடிபி கடை வைத்திருக்கிறேன். பத்திரிகை, பில் புக், கோயில் கொடை நோட்டீஸ், இதுதான் தொழில். அன்றைக்கு மூன்று கல்யாணப் பத்திரிகைக்குச் சாயங்காலத்துக்குள் புரூஃப் கொடுக்க வேண்டும். ராத்திரி முழுக்க மழை. காலையில் கடையைத் திறந்து சிஸ்டத்தைப் போட்டால் ஃபேன் சுற்றுகிறது, சிபியு விளக்கு எரிகிறது, மானிட்டரில் மட்டும் ஒரு சின்னப் பெட்டி மிதந்து வருகிறது. சிக்னல் இல்லை, பவர் சேவிங் மோடுக்குப் போகிறேன் என்று ஆங்கிலத்தில் ஒரு வரி. ஐந்து விநாடிதான். அப்புறம் இருட்டு. மானிட்டர் ஓரத்தில் நீலமாக இருந்த விளக்கு ஆரஞ்சுக்கு மாறிவிட்டது.

பட்டனை அமுக்கினேன். பெட்டி வந்தது, போனது. மறுபடி அமுக்கினேன். பத்துத் தடவையாவது இருக்கும். ‘பவர் சேவிங்’ என்ற இரண்டு வார்த்தைதான் கண்ணில் நின்றது. கரண்டை மிச்சம் பிடிக்கும் ஏதோ ஒரு செட்டிங் உள்ளே மாறிவிட்டது, அதை நிறுத்தினால் சரியாகிவிடும் என்று நினைத்து மெனு பட்டனை அமுக்கினால், மெனு வருவதற்குள் அது தூங்கிவிடுகிறது. சரி, மானிட்டர் போச்சு என்று நானே தீர்ப்பு எழுதிக்கொண்டு, மழைக்குப் பாலிதீன் சுற்றி ஸ்கூட்டரில் வைத்துப் புதுசு ஒன்றைக் கொண்டுவந்தேன். ஏழாயிரத்துச் சொச்சம்.

புதுசிலும் பெட்டி மிதந்தது. நிறம் மட்டும் வேறு.

“இதுவும் தூங்குதே அண்ணாச்சி” என்றார் புரூஃபுக்குக் காத்திருந்த மாப்பிள்ளை வீட்டுக்காரர்.

மத்தியானம் சர்வீஸ் பையன் வந்தான். மானிட்டர் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. சிபியு மூடியைக் கழற்றினான், உள்ளே செருகியிருக்கும் நினைவக அட்டையை, அதாவது ரேமை, உருவினான். “அண்ணாச்சி, அழிரப்பர் இருக்கா?” என்று கேட்டான். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் வைத்திருக்கும் வெள்ளை ரப்பர். ரேமின் அடியில் வரிசையாக இருக்கும் பொன்னிறப் பட்டைகளை அதை வைத்துத் தேய்த்தான், துகளைத் தட்டினான், திரும்பச் செருகினான். டிஸ்ப்ளே வந்துவிட்டது. கூலி 200 ரூபாய். கிணறு வற்றியதற்கு நான் வாளியை மாற்றியிருக்கிறேன்.

அந்தப் பழைய மானிட்டர் இன்னும் கடையில்தான் இருக்கிறது. யார் சிபியுவைத் தூக்கிக்கொண்டு வந்தாலும் அதில்தான் மாட்டிப் பார்க்கிறேன். அந்தத் தண்டச் செலவுக்கு இவ்வளவாவது பிரயோஜனம்.

அன்றைக்குப் புரிந்துகொண்டது ஒன்றுதான். மானிட்டர் தானாகத் தூங்குவதில்லை. சிபியுவிலிருந்து படம் வருவது நின்றால் தூங்குகிறது. அந்தப் பெட்டியில் வருவது நோயின் பெயர் இல்லை, ‘எனக்கு ஒன்றும் வரவில்லை, அதனால் படுக்கிறேன்’ என்ற தகவல், அவ்வளவுதான். ஆகவே அதை எப்படி எழுப்புவது என்று கேட்பதற்கு முன்னால், படத்தை நிறுத்தியது யார் என்று கேட்க வேண்டும். ஒரே ஒரு விதிவிலக்கு உண்டு. அதைக் கண்டுபிடிக்க எனக்குச் சரியாக நான்கு மணி நேரம் பிடித்தது, அந்தக் கதை கடைசியில் வரும்.

இந்தத் தூக்கம் எங்கிருந்து வந்தது என்று தெரிந்துகொண்டால் பாதிக் குழப்பம் போய்விடும். பெரிய பானை மாதிரி பின்பக்கம் துருத்திக்கொண்டிருந்த அந்தக் காலத்து 17 அங்குல மானிட்டர் 70, 80 வாட் இழுக்கும். ஆபீஸ்களில் ராத்திரி முழுக்க அது எரிந்துகொண்டே கிடக்கும். அமெரிக்காவின் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 1992இல் எனர்ஜி ஸ்டார் என்ற முத்திரையைக் கொண்டுவந்தபோது முதலில் கைவைத்ததே கம்ப்யூட்டர்களிலும் மானிட்டர்களிலும்தான். மறுவருஷம், 1993இல், வெசா என்ற தர அமைப்பு ஒரு வழியை வகுத்துக் கொடுத்தது. சிபியுவிலிருந்து மானிட்டருக்குப் படம் கொண்டுபோகும் பழைய விஜிஏ கேபிளில் நிறங்களுக்குத் தனிக் கம்பிகள், அவை தவிர ஒத்திசைவுக்கென்று இரண்டு கம்பிகள். ஒன்று ஒவ்வொரு வரியும் எங்கே தொடங்குகிறது என்று சொல்லும், இன்னொன்று ஒவ்வொரு முழுப் படமும் எங்கே தொடங்குகிறது என்று சொல்லும். இந்த இரண்டில் ஒன்றை நிறுத்தினால் அரைத்தூக்கம், இரண்டையும் நிறுத்தினால் முழுத்தூக்கம். மானிட்டருக்குத் தனியாக ஒரு கட்டளை அனுப்பத் தேவையில்லை. பேச்சை நிறுத்தினால் போதும், எதிரில் இருப்பவர் புரிந்துகொள்வார்.

இப்போது வரும் ஹெச்டிஎம்ஐ, டிஸ்ப்ளே போர்ட் கேபிள்களில் அந்த இரண்டு கம்பிகள் தனியாக இல்லை. ஆனால் பழக்கம் அதேதான். படம் வருவது நின்றால் சில விநாடி பார்த்துவிட்டு மானிட்டர் படுத்துவிடும்.

இதில்தான் சிக்கல். வேண்டுமென்றே பேச்சை நிறுத்தியவனுக்கும், தொண்டை கட்டிப் பேச முடியாதவனுக்கும் மானிட்டருக்கு வித்தியாசம் தெரியாது. விண்டோஸ் பத்து நிமிஷம் பார்த்துவிட்டுத் திரையை அணைத்தாலும் அதே இருட்டுதான். ரேம் அழுக்காகி சிஸ்டம் ஏறவே இல்லையென்றாலும் அதே இருட்டுதான்.

அதனால் இப்போது போனில் யார் “டிஸ்ப்ளே வரலை அண்ணாச்சி” என்றாலும் முதல் கேள்வி மானிட்டரைப் பற்றி இல்லை. மவுஸை ஆட்டிவிட்டுப் பத்து விநாடி பொறுக்கச் சொல்வேன். படம் வந்துவிட்டால் அது செட்டிங் சமாச்சாரம், வீட்டிலிருந்தபடியே சரிசெய்யலாம். வரவில்லையென்றால் கீபோர்டில் கேப்ஸ் லாக்கை அமுக்கச் சொல்வேன். அந்தச் சின்ன விளக்கு எரிந்து அணைந்தால் சிஸ்டம் உள்ளே உயிரோடு ஓடிக்கொண்டிருக்கிறது, படம் வெளியே வரும் வழியில்தான் அடைப்பு. கேபிளையும், மானிட்டர் எந்த வாசலிலிருந்து படம் எடுக்கிறது என்ற சோர்ஸையும் பார்க்கலாம். விளக்கு அசையவே இல்லையென்றால் சிபியுவுக்குள் கைவைக்க வேண்டும். வயர்லெஸ் கீபோர்டுகள் பலவற்றில் இந்த விளக்கே கிடையாது. ஒரு தடவை அது தெரியாமல் ஒரு வாத்தியாரைக் கால் மணி நேரம் விளக்குத் தேடவைத்தேன்.

மானிட்டர் நன்றாக இருக்கிறதா என்று பார்க்க ஒரு சோதனை போதும். அதன் பின்னால் இருந்து கேபிளை முழுசாக உருவிவிட்டு ஆன் செய்தால், கேபிள் இல்லை என்றோ சிக்னல் இல்லை என்றோ பெட்டி தெளிவாக மிதக்கும். மிதந்தால் பேனலும் பின்விளக்கும் உயிரோடு இருக்கின்றன. இது 2014இல் தெரிந்திருந்தால் ஏழாயிரம் மிச்சம்.

உயிரோடு இருக்கிறது, ஆனால் படம் வரவில்லை என்ற கேஸ்களில் பாதிக்கு மேல் அற்பக் காரணங்கள்தான். விஜிஏ கேபிளின் இரண்டு பக்கமும் இருக்கும் திருகுகளை நம் ஊரில் யாரும் முறுக்குவதில்லை. மேசையைத் துடைக்கும்போது கொஞ்சம் நகர்ந்தாலும் கேபிள் நழுவிவிடும். அதைவிட மோசம், இருட்டில் கோணலாகச் செருகி ஒரு பின்னை மடக்கிவிடுவது. மூன்று வரிசையாக 15 இடம் இருக்கும் அந்த முனையில் கடைசி வரிசையின் நடுவில் இருப்பது 13ஆம் பின், பக்கத்தில் 14. நான் சொன்ன அந்த இரண்டு கம்பிகள் இவைதான். நிறத்துக்கான பின் மடங்கினால் நிறம் மாறும், மஞ்சளடிக்கும். இவை மடங்கினால் மானிட்டர் நேராகத் தூங்கப் போய்விடும். ஊக்கு முனையால் மெல்ல நிமிர்த்தி இரண்டு கேபிள்களைக் காப்பாற்றியிருக்கிறேன், ஒன்றை உடைத்துமிருக்கிறேன். நடு வரிசையில் ஒரு பின் இல்லாமல் ஓட்டையாக இருந்தால் பயப்பட வேண்டாம். 9ஆம் பின் பல கேபிள்களில் செய்யும்போதே வைப்பதில்லை.

அடுத்தது சோர்ஸ். இப்போது வரும் மானிட்டர்களில் விஜிஏ, ஹெச்டிஎம்ஐ என்று இரண்டு மூன்று வாசல்கள். நீங்கள் ஹெச்டிஎம்ஐயில் மாட்டியிருப்பீர்கள், அது விஜிஏ வாசலில் நின்று காத்துக்கொண்டிருக்கும். மெனுவில் இன்புட் சோர்ஸை ஆட்டோவில் வைத்தால் தீர்ந்தது.

போன வருஷம் கல்யாண வீடியோ எடிட் செய்யும் ஒரு தம்பி, சிபியுவையும் மானிட்டரையும் ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு வந்து இறக்கினான். புதிதாகக் கிராஃபிக்ஸ் கார்டு போட்டிருக்கிறான். போட்ட அன்றிலிருந்து பவர் சேவிங். கார்டு டூப்ளிகேட்டோ, கரண்ட் கொடுக்கும் பெட்டியான எஸ்எம்பிஎஸ் தாங்கவில்லையோ என்று மூன்று நாளாகத் தூக்கமில்லை. பின்பக்கம் திருப்பிப் பார்த்தேன். கேபிள் பழையபடி மதர்போர்டின் வாசலிலேயே இருந்தது. கார்டு போட்டதும் பல போர்டுகள் தங்கள் சொந்த வாசலைச் சாத்திவிடும். எஃப் என்று முடியும் பெயருள்ள இன்டெல் புராசசர்களுக்கு அந்த வாசலில் எப்போதுமே படம் வராது, உள்ளே கிராஃபிக்ஸ் கிடையாது. கேபிளைக் கீழே கார்டுக்கு மாற்றினேன், படம் வந்தது. பத்து விநாடி வேலை. காசு வாங்கவா வேண்டாமா என்று நான் யோசித்துக்கொண்டிருந்தபோதே அவன் நூறு ரூபாயை மேசையில் வைத்துவிட்டு, “இதை யார்ட்டயும் சொல்லிராதீங்க அண்ணாச்சி” என்றான். ஊர் பேர் சொல்லாததால் அவன் கோபித்துக்கொள்ள மாட்டான் என்று நம்புகிறேன்.

ரேம் வேலை கொஞ்சம் பொறுமை கேட்கும். எங்கள் ஊரில் கடல்காற்று, ஈரம், அதோடு உப்பளத் தூசி. பொன் முலாம் துருப்பிடிக்காது, ஆனால் அதன்மேல் அழுக்கு மெல்லிய படலமாகப் படியும். ஒரு மயிரிழைப் படலம் போதும், தொடர்பு விட்டுப்போகும். மழைக்காலம் வந்தால் வாரத்துக்கு இரண்டு மூன்று சிபியு இந்தக் காரணத்துக்கே வருகிறது. முதலில் பிளக்கைச் சுவரிலிருந்தே உருவிவிட வேண்டும். சுவிட்சை அணைத்தால் போதும் என்று நினைக்கக் கூடாது. அப்புறம் பவர் பட்டனைப் பத்து விநாடி அமுக்கிப் பிடித்தால் உள்ளே மிச்சமிருக்கும் மின்சாரம் வடியும். சிபியுவின் வெறும் இரும்புப் பகுதியை ஒருமுறை தொட்டுக்கொள்ள வேண்டும், நம் உடம்பில் இருக்கும் நிலைமின்னே ரேமைக் கொல்லப் போதுமானது. இரண்டு ஓரத்துக் கிளிப்பையும் வெளியே தள்ளினால் ரேம் எழும்பும். பச்சை அட்டையின் விளிம்பை மட்டும் பிடித்துக்கொண்டு, பட்டைகளை மேலிருந்து கீழாக ரப்பரால் தேய்க்க வேண்டும். முதல் தேய்ப்பிலேயே ரப்பர் சாம்பல் நிறமாகும், அதுதான் அழுக்கு. மணல் மாதிரி நறநறக்கும் மை அழிக்கும் ரப்பர் வேண்டாம், முலாமையே சுரண்டிவிடும். துகளை வாயால் ஊதாமல் பெயிண்ட் பிரஷ்ஷால் தட்ட வேண்டும், எச்சில் தெறித்தால் செய்த வேலை வீண். திரும்பச் செருகும்போது நடுவில் இருக்கும் வெட்டு பொருந்துகிறதா என்று பார்த்து இரண்டு முனையையும் அமுக்கினால் ‘டக், டக்’ என்று கிளிப் விழும். ஒரு ‘டக்’ மட்டும் கேட்டால் பாதிதான் உட்கார்ந்திருக்கிறது. பலர் பயந்துபோய் அந்த ஒரு சத்தத்தோடு நிறுத்திவிட்டு, மறுபடி டிஸ்ப்ளே வரலை என்று போன் செய்வார்கள். இரண்டு ரேம் இருந்தால் ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தால் எது கெட்டது என்று தெரியும்.

இதற்கும் மசியாவிட்டால் எஸ்எம்பிஎஸ், போர்டு. அது தெரிந்தவரிடம் விட வேண்டிய வேலை.

இனி, சிஸ்டம் நன்றாகவே இருந்து, அதுவே வேண்டுமென்று திரையை அணைக்கும் கேஸ். என்னைப் படாதபாடு படுத்தியது பக்கத்துத் தெரு கிளினிக்தான்.

டாக்டருக்குச் சாயங்காலம் 5 மணியிலிருந்து ராத்திரி 10 வரை கூட்டம். டோக்கன் நம்பரைக் கூப்பிட்டுக் கூப்பிட்டு ரிசப்ஷனில் இருக்கும் பெண்ணுக்குத் தொண்டை போய்விட்டது என்று, வராந்தாவில் ஒரு மானிட்டர் மாட்டி நம்பர் தெரிகிற மாதிரி செய்துதரச் சொன்னார். ரிசப்ஷனில் ஏற்கெனவே இருந்த கம்ப்யூட்டரிலிருந்து நீள ஹெச்டிஎம்ஐ கேபிள் இழுத்து, 24 அங்குலப் புது மானிட்டர் ஒன்றை இரண்டாவது திரையாக மாட்டினேன். என் அக்கா மகன் ஒரு பக்கம் எழுதிக்கொடுத்தான், அம்புக்குறியை அமுக்கினால் நம்பர் ஒன்று ஏறும். பெரிய சிவப்பு எழுத்து. டாக்டருக்கு ஏகப்பட்ட சந்தோஷம்.

மறுநாளே போன். “அண்ணாச்சி, நடுநடுவுல அணைஞ்சிருதுண்ணு ஜனங்க சத்தம் போடுதாங்க.” போய்ப் பார்த்தேன். அந்தப் பெண் கம்ப்யூட்டரைத் தொடுவதே அடுத்த நம்பருக்கு அமுக்கத்தான், பில்லெல்லாம் கையால் போடுகிறாள். டாக்டர் ஒருவரைப் பத்து நிமிஷத்துக்கு மேல் பார்த்தால் திரை இருண்டுவிடுகிறது. விண்டோஸ் 10இல் கரண்டில் ஓடும்போது திரை அணைய வழக்கமாக இருக்கும் கெடு 10 நிமிஷம். வராந்தாவில் உட்கார்ந்திருந்த ஒரு ஆச்சி, “டாக்டரு யாரையோ ரொம்ப நேரமா பாக்காரு போல, பெட்டி அணைஞ்சிட்டு” என்று சரியாகவே கண்டுபிடித்து வைத்திருந்தாள்.

செட்டிங்ஸ், அதில் சிஸ்டம், அதில் பவர் அண்ட் ஸ்லீப். அங்கே ஸ்கிரீன் என்ற தலைப்பின் கீழ் நெவர் என்று வைத்தேன். விண்டோஸ் 11 என்றால் அதே இடத்தில் பவர் என்று இருக்கும், உள்ளே போனால் திரைக்கான கெடு கிடைக்கும். லேப்டாப்பில் பேட்டரிக்கு ஒன்று, கரண்டுக்கு ஒன்று என்று இரண்டு கெடு உண்டு. ஒன்றை மாற்றிவிட்டு மற்றதை விட்டுவிடுவது எல்லோரும் செய்கிற தப்பு.

நான் செய்த தப்பு வேறு. அதே பக்கத்தில் இரண்டு விரல் கீழே ஸ்லீப் என்று தனியாக இன்னொரு கெடு இருக்கிறது. முதலாவது திரையை மட்டும் அணைக்கும், இரண்டாவது சிஸ்டத்தையே தூங்க வைக்கும். சிஸ்டம் தூங்கினால் திரைக்கு நெவர் என்று எழுதி வைத்து என்ன பயன்? இரண்டு நாள் கழித்து டாக்டர் அவசரமாக ஒரு வீட்டுக்குப் போய்விட்டார், அரை மணி நேரம் யாரும் எதையும் தொடவில்லை, எல்லாம் படுத்துவிட்டது. எழுப்பினால் பாஸ்வேர்டு கேட்டது. ஸ்கிரீன் சேவருக்கும் ஒரு தனிக் கெடு பழைய கண்ட்ரோல் பேனலில் ஒளிந்திருக்கும், அதையும் ‘நன்’ என்று வைத்துவிட்டு வந்தேன்.

மூன்றாவது போன் வந்தபோது எனக்கே வெட்கமாகிவிட்டது. இந்தத் தடவை காரணம் டீ. அந்தக் கம்ப்யூட்டரில் நோயாளிகளின் விவரங்கள் இருக்கின்றன. அதனால் டீக்குப் போகும்போது விண்டோஸ் பட்டனையும் ‘எல்’ எழுத்தையும் சேர்த்து அமுக்கி லாக் செய்துவிட்டுப் போகிறாள் அந்தப் பெண், பொறுப்பான பிள்ளை. லாக் ஆனதும் டோக்கன் மறைந்துவிடும், லாக் திரையில் யாரும் எதையும் தொடாவிட்டால் ஒரு நிமிஷத்தில் மானிட்டரும் அணையும். நாம் வைத்த நெவர் அங்கே செல்லாது, லாக் திரைக்கு, விண்டோஸின் உள் அமைப்புகளைச் சேர்த்து வைத்திருக்கும் ரெஜிஸ்ட்ரிக்குள் மறைத்து வைத்திருக்கும் வேறு கெடு. அதை வெளியே கொண்டுவர வழி இருக்கிறது, ஆனால் கொண்டுவந்தாலும் ஜனங்கள் பார்ப்பது லாக் திரையைத்தான், டோக்கனை அல்ல. அவளை லாக் செய்யாதே என்று சொல்லவும் மனம் வரவில்லை, சொல்லவும் கூடாது. பொதுஜனம் பார்க்கும் திரையையும், மற்றவர் விவரம் இருக்கும் கம்ப்யூட்டரையும் ஒன்றாகக் கட்டியது என் தப்பு. கடையில் கிடந்த ஒரு பழைய சிபியுவைக் கொண்டுபோய் டோக்கனுக்கென்று தனியாக வைத்தேன், ஒரு வயர்லெஸ் நம்பர் பேடோடு. இந்த முறை மூன்று கெடுவையும் முதலிலேயே மாற்றிவிட்டேன்.

இந்த இடத்தில் துறைமுகத்துப் பக்கம் ஒரு ஆபீஸில் கணக்கு எழுதும் நண்பரைச் சொல்லியாக வேண்டும். அவர் கம்ப்யூட்டரில் கெடுவை மாற்ற முடியாது, தலைமை ஆபீஸ் பூட்டி வைத்திருக்கிறது. லெட்ஜரை இரண்டு பக்கம் புரட்டுவதற்குள் திரை லாக் ஆகிவிடும். ஒருநாள் போயிருந்தபோது மவுஸ் ஒரு பழைய கைக்கடிகாரத்தின் மேல் உட்கார்ந்திருந்தது. ஆப்டிகல் மவுஸ் தனக்குக் கீழே இருப்பதை ஓயாமல் படம்பிடித்துத்தான் அசைவைக் கணக்கிடுகிறது. விநாடி முள் நகர்வதைக் கை அசைவு என்று நம்பிக்கொண்டு, அது திரையை விழித்தபடியே வைத்திருக்கிறது. கெட்டிக்காரத்தனம்தான். ஆனால் மனிதர் சாப்பிடப் போனபின்பும் அந்தக் கடிகாரம் கம்பெனிக் கணக்கைத் திறந்து போட்டுக் காவல் காத்துக்கொண்டிருந்ததைப் பார்த்தபோது எனக்குத் திக்கென்றது. சொந்தக் கம்ப்யூட்டர் என்றால் மைக்ரோசாஃப்ட்டே இலவசமாகக் கொடுக்கும் பவர்டாய்ஸ் என்ற கருவித் தொகுப்பில் அவேக் என்று ஒன்று இருக்கிறது, தேவையான நேரத்துக்கு மட்டும் விழித்திருக்க வைக்கும். உபுண்டு என்ற லினக்ஸில் செட்டிங்ஸில் பவர், அதில் ஸ்கிரீன் பிளாங்க், அங்கே வழக்கமாக 5 நிமிஷம் இருக்கும், மாற்றிக்கொள்ளலாம். மேக்கில் டெர்மினலைத் திறந்து கேஃபினேட் (caffeinate) என்று அடித்து, ஒரு ஸ்பேஸ் விட்டு -d என்று சேர்த்தால் போதும், திரை காப்பி குடித்த மாதிரி விழித்துக்கொண்டிருக்கும்.

இதற்கு நேரெதிர் நோயும் உண்டு. எவ்வளவு நேரம் ஆனாலும் அணையாத திரை. மதுரையில் இருக்கும் மருமகனுக்குப் போனில் வைத்தியம் சொன்னேன். “கமாண்ட் பிராம்ப்ட்டை அட்மினிஸ்ட்ரேட்டரா திற. பி, ஓ, டபிள்யூ, ஈ, ஆர், சி, எஃப், ஜி. எல்லாம் சேர்த்து. ஒரு ஸ்பேஸ், ஒரு ஸ்லாஷ், ஒட்டினாப்புல ரெக்வெஸ்ட்ஸ்.” திரையைத் தூங்கவிடாமல் பிடித்து வைத்திருப்பது யார் என்று அது பெயரோடு காட்டிக்கொடுக்கும். மருமகன் வீட்டில் பிரவுசரில் ஒரு மூலையில் சத்தமில்லாமல் ஓடிக்கொண்டிருந்த வீடியோ.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். என் கடையில் நான் நெவர் வைப்பதில்லை, அரை மணி வைத்திருக்கிறேன். இப்போதைய 22 அங்குல எல்இடி மானிட்டர் சுமார் 20 வாட்தான் இழுக்கும். ஆனால் கடை பூட்டிய 14 மணி நேரமும் அது எரிந்தால் ஒரு நாளைக்கு 280 வாட்-மணி, மாதத்துக்கு 8 யூனிட்டுக்கு மேல். யாரும் பார்க்காத திரைக்கு அது தண்டம். பின்விளக்கும் எரிந்து எரிந்துதான் மங்கும்.

சரி, கிளினிக்குக்கு வருகிறேன். தனி சிபியு வைத்து ஒரு வாரம் சத்தமே இல்லை. அப்புறம் டாக்டரே கூப்பிட்டார். “தம்பி, 9 மணி வாக்குல பெட்டி அணைஞ்சிருது. வெளியில நிக்க ஆட்கள்லாம் கிளினிக் மூடியாச்சுண்ணு திரும்பிப் போயிருதாங்க.”

போய் எல்லாக் கெடுவையும் பார்த்தேன். எல்லாம் நெவர். யுபிஎஸ்ஸைப் பார்த்தேன், கேபிளை மாற்றினேன். மறுநாளும் 9 மணிக்கு அணைந்தது. யாராவது விளையாடுகிறார்களா என்று பார்த்தே விடுவது என்று ஒருநாள் 5 மணிக்கே போய் வராந்தாவில் உட்கார்ந்துவிட்டேன். சும்மா உட்கார்ந்திருந்தால் மற்றவர்கள் ஒரு மாதிரி பார்ப்பார்கள் என்று அந்தப் பெண் என் கையிலும் ஒரு டோக்கனைத் திணித்தாள். 43.

ஆறு, ஏழு, எட்டு. இருமல், குழந்தை அழுகை, கொசு. யாரும் மானிட்டர் பக்கம் போகவில்லை. 9 அடித்து இரண்டு நிமிஷம் இருக்கும், 37 என்று எரிந்துகொண்டிருந்த திரை சட்டென்று அணைந்தது. ஓடிப்போய் நம்பர் பேடை அமுக்கினேன், எழவில்லை. மவுஸ் ஒன்றைச் செருகி ஆட்டினேன், அதற்கும் எழவில்லை. மானிட்டரின் பட்டனை அமுக்கினேன், 37 அப்படியே வந்து நின்றது.

அப்போதுதான் உறைத்தது. கம்ப்யூட்டர் அணைத்திருந்தால் மவுஸுக்கு எழுந்திருக்கும். மானிட்டர் பட்டனுக்கு மட்டும் எழுகிறது என்றால் அணைத்தது மானிட்டர்தான். அந்தப் பெண் தினமும் 5 மணிக்குப் பட்டனை அமுக்கி ஆன் செய்கிறாள், அங்கிருந்து எண்ணினால் சரியாக நாலு மணி நேரம். ஐரோப்பிய ஒன்றியம் 2009இல் டிவிகளுக்கு ஒரு விதி போட்டது, யாரும் நாலு மணி நேரம் எதையும் தொடாவிட்டால் டிவி தானே அணைய வேண்டும் என்று. அதே நாலு மணிக் கணக்கு இந்த மானிட்டரின் மெனுவிலும் இருந்தது. ஜெனரல் என்ற பகுதிக்குள் ஆட்டோமேட்டிக் ஸ்டேண்ட்பை, 4 மணி. கீழே 6, 8, ஆஃப். ஆஃப் என்று வைத்தேன். வேறு மானிட்டர்களில் ஆஃப் டைமர், ஆட்டோ பவர் ஆஃப் என்று பெயர் மாறும், இடமும் மாறும். விண்டோஸில் தலைகீழாக நின்றாலும் இதை மாற்ற முடியாது.

மெனுவை மூடிவிட்டு நிமிர்ந்தால் 9.40. திரையில் 43 வந்திருந்தது. “உங்க நம்பர்தான் அண்ணாச்சி, உள்ள போங்க” என்றாள் அந்தப் பெண், சிரிக்காமல். சரியாகிவிட்டது என்று சொல்லிவிட்டு வரலாம் என்றுதான் உள்ளே போனேன். டாக்டர் நாற்காலியைக் காட்டினார், நான் பேசத் தொடங்குவதற்குள் கையில் பட்டையைச் சுற்றிக் காற்றடித்துவிட்டார். 150க்கு 95.

“ராத்திரி எத்தனை மணிக்குத் தூங்குதீங்க, தம்பி?” என்று கேட்டுக்கொண்டே சீட்டை எடுத்து எழுத ஆரம்பித்தார்.